நத்தை வயிற்றில் பச்சை மணிகள்: செங்கல்பட்டிலிருந்து நெம்மேலி வரை

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, பழைய சிநேகிதி ரெஜினாவும் நானும் ஒரே ஸ்கூட்டரில் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், நெம்மேலி என்று ஒரு சுற்று போய் வந்தோம். மலை ஏறவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பத்தைக்கூட நின்று பார்க்கவில்லை. நாங்கள் போனது நத்தை பார்க்க. நத்தையையும் அல்ல, அதன் செரிமானச் சுரப்பிக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பச்சை மணிகளைப் பார்க்க. சிரித்துவிட்டு மேலே படியுங்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் சேற்றில் உட்கார்ந்ததில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தாம்பரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். திசுக்களை மெலிதாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைப்பது என் வேலை. ரெஜினா சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ விலங்கியல் டீச்சர். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் எம்.எஸ்ஸி.யில் ஒரே பெஞ்ச், ஒரே புராஜெக்ட். தலைப்பு, நன்னீர் நத்தையின் செரிமானச் சுரப்பி. நம் உடம்பில் கல்லீரலும் கணையமும் செய்யும் வேலையை நத்தைக்கு இந்த ஒரே உறுப்பு செய்கிறது. ஓட்டின் நுனிச் சுருளுக்குள் பழுப்பாக, மெத்தென்று இருக்கும்.

அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது பச்சையும் பழுப்புமாக உருண்டை உருண்டையாக ஏதோ தெரிந்தது. நான் 'உயிருள்ளவையாக இருக்கலாம்' என்று எழுதினேன். ரெஜினா அதை அடித்துவிட்டு 'பாதி செரித்த பாசி' என்று எழுதினாள். வாக்குவாதம் முற்றியது. இந்த அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன். பல நாள் கழித்துத்தான் போய்ப் போட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கல்யாணப் பத்திரிகைகள் தபாலில் வந்தன, போயின. அவ்வளவுதான்.

இந்த வருஷம் ஆவணியில், தூக்கம் வராத ஒரு விடியற்காலையில் போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தேன். தென் அமெரிக்காவில் ஆப்பிள் நத்தை என்று ஒன்று இருக்கிறது. நம் வயல் நத்தைக்கு ஒன்றுவிட்ட உறவு. அதன் செரிமானச் சுரப்பியில் பச்சை, பழுப்பு என்று இரண்டு விதமான மணிகள் இருக்கின்றன, அவை நத்தையோடு கூடி வாழும் நுண்ணுயிர்கள் என்று ஆராய்ச்சி செய்பவர்கள் கருதுகிறார்கள், செரிமானத்துக்கும் அவை உதவலாம் என்று போட்டிருந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு வருஷம் கழித்து ரெஜினாவுக்கு முதல் செய்தி அனுப்பினேன்: 'ரெஜி, அது பாசி இல்ல.' இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது: 'அது அந்த ஊர் நத்தை. நம்ம ஊர் நத்தையில காட்டு. மழை வரட்டும்.'

மழை வந்தது. நானும் கிளம்பினேன்.

தாம்பரத்தில் காலை 6.05க்குச் செங்கல்பட்டு லோக்கல். டிக்கெட் பத்து ரூபாய். சனிக்கிழமை என்பதால் உட்கார இடம் கிடைத்தது. மடியில் மைக்ரோஸ்கோப் பெட்டி. பழையது, ஆனால் பேட்டரியில் எரியும் விளக்கு உள்ளது, எங்கும் தூக்கிப் போகலாம். பையில் கண்ணாடித் தகடுகள், மூடித் தகடுகள், உப்புக்கரைசல், கையுறை, இரண்டு ஊசி, ஒரு கத்தரி, சோப்பு. எதிரே இருந்தவர் அது தையல் மிஷினா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்க ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன்.

6.42க்குச் சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் கம்பெனி பஸ்களுக்குக் காத்திருந்த கூட்டத்துக்கு நடுவே ரெஜினா ஸ்கூட்டரோடு நின்றாள். கொஞ்சம் நரைத்திருந்தாள். நானும்தான். கட்டிப்பிடிப்பதா கைகொடுப்பதா என்று எனக்குக் குழப்பம். அவளுக்கு அதெல்லாம் இல்லை.

"பொட்டிய முன்னாடி வை. பின்னாடி பிடிச்சுகினு உட்காரு. ரோடு மோசமா கீது" என்றாள்.

அங்கிருந்து செங்கல்பட்டு பத்து கிலோமீட்டர். 7.10க்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நாஸ்தா: ஆளுக்கு ஒரு பொங்கல், ஒரு வடை, ஒரு காபி, மொத்தம் நூற்று அறுபது ரூபாய். பேச்சு மழை, பள்ளிக்கூடம், பிள்ளைகள் என்று கரையோரமாகவே போனது. பழைய விஷயத்தை இருவருமே தொடவில்லை. கொளவாய் ஏரிக்கரையில் அரை மணி நேரம் தேடினோம். தண்ணீர் நிறைய, நத்தை ஒன்றும் கண்ணில் படவில்லை. காலி ஓடுகள் மட்டும் கிடந்தன. திருக்கழுக்குன்றம் ரோட்டில் விற்பார்கள் என்றாள் ரெஜினா. வண்டியைத் திருப்பினோம்.

எட்டு கிலோமீட்டர் தாண்டியதும், ஒரு புளிய மரத்தடியில், அலுமினிய அன்னக்கூடை நிறைய நத்தையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் அமுலு, வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். கூறு நூறு ரூபாய். மூலத்துக்கு நல்லது, சளிக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே எடுத்துப் போட்டார்.

"அக்கா, எங்களுக்குக் கறி வேணாம். நீங்க கழிச்சிப் போடுற வால் பக்கம் இருக்கே, அது போதும்" என்றேன்.

அவர் என்னையும் ரெஜினாவையும் மாறி மாறிப் பார்த்தார். "கறிய வுட்டுட்டு அயுக்க கேக்குறீங்களே, இன்னாம்மா ஆச்சி ஒங்களுக்கு?"

மைக்ரோஸ்கோப்பைக் காட்டினோம். நத்தைக்கு வயிற்றில் ஸ்கேன் எடுக்கப்போகிறோம் என்று ரெஜினா சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு, "வூடு பக்கத்துலதான் கீது, வாங்க" என்று நடந்தார்.

9.20க்கு அமுலு அக்காவின் வீட்டு வாசலில், கவிழ்த்த பிளாஸ்டிக் டிரம் மேல் மைக்ரோஸ்கோப்பை வைத்தேன். அவர் கல்லால் ஒரே தட்டு. ஓடு உடைந்தது. கறியை ஒரு பக்கம் போட்டுவிட்டு, நுனிச் சுருளில் இருந்த பழுப்புப் பகுதியை என் தகட்டில் வைத்தார். ஒரு கடுகளவு வெட்டி, ஒரு சொட்டு உப்புக்கரைசல் விட்டு, மூடித் தகட்டால் மெல்ல அழுத்தினேன். விளக்கைப் போட்டுக் குவித்தேன்.

இருந்தன! ஒன்றிரண்டு இல்லை, கொட்டிக் கிடந்தன. இளம்பச்சையில் உருண்டையாகச் சில, அடர்பழுப்பில் சற்று நீண்டதாகச் சில. மணிமாலை அறுந்து சிதறினால் எப்படி இருக்குமோ அப்படி. அன்றைக்கு எங்கள் புராஜெக்ட் அறிக்கையில் நான் வரைந்த அதே படம். "ரெஜி, வா, வா, சீக்கிரம் வா!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்து போனது.

ரெஜினா நிதானமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். பார்த்தாள். நிமிர்ந்தாள். "மணி இருக்கு. அன்னைக்கே இருந்துச்சு. நான் இல்லன்னு சொல்லலையே. இது பாசியத் தின்னுகினு இருக்கிற பிராணி. வயித்துல பச்சையா ஏதாவது இருந்தா அது குடியிருக்கிறதா, சாப்பாடான்னு எப்படிச் சொல்லுவே?"

எரிச்சல்தான் வந்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. யோசித்தேன். பதில் ஒன்றுதான்: இன்னும் எதையுமே சாப்பிடாத நத்தையைப் பார்க்க வேண்டும். அதாவது, முட்டைக்குள் இருக்கும் குஞ்சு. தென் அமெரிக்க நத்தையில் இந்த மணிகள் தாயிடமிருந்து முட்டை வழியாகவே போகின்றன என்றும் படித்திருந்தேன். நம் நத்தையிலும் குஞ்சுக்குள் மணி இருந்தால் அது சாப்பாடாக இருக்க முடியாது. சொன்னேன். ரெஜினாவின் முகம் முதன்முறையாக மாறியது. "அது... அது நல்ல யோசனை" என்றாள்.

"முட்டையா?" என்றார் அமுலு அக்கா. "நம்ம வரப்புல எவ்ளோ வேணும்? ஆனா சட்னு வாங்க. அந்த நெலத்த இன்னிக்கி ரொப்பறாங்க."

வீட்டுக்குப் பின்னால் அரை கிலோமீட்டர். போன போகம் வரை நெல் விளைந்த இடம், இப்போது பிளாட். ஒரு பக்கம் கிராவல் மண் குவியல் குவியலாக நின்றது. ஜேசிபி ஒன்று அதைத் தள்ளி நிரவிக்கொண்டே எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. எஞ்சியிருந்தது நடுவில் ஒரே ஒரு வரப்பு, இருபது அடி நீளம் இருக்கும். அமுலு அக்கா குனிந்து புல்லை விலக்கினார். ஈர மண் குழிக்குள், பட்டாணி அளவில், வெள்ளை வெளேரென்று கொத்தாக முட்டைகள். ஒரு கொத்தில் நூறு, இருநூறு இருக்கும். அந்த ஒரு வரப்பில் மட்டும் பதினொரு கொத்து எண்ணினோம்.

வண்டி பத்தடியில் வந்து நின்றது. ஆபரேட்டர் தலையை நீட்டினார். முப்பது வயது இருக்கும், பெயர் வினோத் என்று பிறகு தெரிந்தது.

"இன்னாக்கா, வரப்புல இன்னா தேடிகினு கீறீங்க? நகை கிகை வுட்டுட்டீங்களா?"

"நத்தை முட்டைங்க" என்றேன்.

"இதுக்கா இம்மாம் பெரிய பொட்டி?"

அமுலு அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். "இந்தா அண்ணாத்த, அந்த வரப்ப கடசியா தள்ளு. இது பொரிச்சாதான் வர்ற வருசம் நான் கூடைய எடுக்க முடியும். ஏரில ஒண்ணும் கெடைக்கறதில்ல இப்போ."

"எனக்கு மட்டும் ஆசையாக்கா? ரெண்டு மணிக்கு சூப்பர்வைசர் வருவாரு. லெவலு ஆவலன்னா எனக்குத்தான் பேஜாரு. அரை மணி நேரம் தர்றேன். டீ குடிச்சிட்டு வர்றேன்."

அரை மணி நேரம்! நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து ஒரு முட்டையைக் கழுவி உடைத்தேன். உள்ளே வெள்ளைக் கூழ். குஞ்சு இல்லை. இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது. எல்லாம் கூழ்தான். மணி எதுவும் கண்ணில் படவில்லை. இங்கே மழை பிடித்தே ஒரு வாரம்தான் ஆகிறது, முட்டைகள் புதியவை. ரெஜினா ஒவ்வொன்றுக்கும் நோட்டில் 'இல்லை' என்று குறித்துக்கொண்டே வந்தாள். அந்த 'இல்லை' எனக்குக் குத்தியது.

இதற்கிடையில் அமுலு அக்கா தன் அன்னக்கூடையில் ஈர மண்ணைப் பரப்பி, நான்கு கொத்துகளை உடையாமல் அள்ளிவிட்டார். மற்ற ஏழும் வரப்பின் உட்பக்கம், வேர்களுக்கு நடுவே. கை வைத்தால் நசுங்குகின்றன. வினோத் டீ குடித்துவிட்டு வந்தவர், வண்டியில் ஏறாமல் எங்கள் பக்கம் வந்தார். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கணும் என்றார். காலையில் எடுத்த சுரப்பித் தகட்டை வைத்துக் காட்டினேன். ஒரு நிமிஷம் கண்ணை எடுக்கவில்லை.

"இது நத்த வவுத்துலயா கீது? வாடகைக்கா?"

"வாடகைக்கு இருக்குதா, சாப்பாடா உள்ள போச்சான்னுதான் எங்களுக்குள்ள சண்டை" என்றாள் ரெஜினா.

அவர் வரப்பைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "தள்ளிக்கோங்க" என்று ஏறிவிட்டார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் அவர் வரப்பை இடிக்கவில்லை. முன்பக்கெட்டைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, வரப்புக்கு ஓரடி கீழே மெல்ல நுழைத்தார். புல்லும் வேரும் மண்ணுமாக, ஒரு கேக் துண்டைப்போல, வரப்பின் ஒரு பகுதி அப்படியே மேலே எழும்பியது. நடைவேகத்தில் ஓட்டிக்கொண்டு போய், அறுபது எழுபது அடி தள்ளி வாய்க்கால் கரையில் இறக்கி வைத்தார். நாங்கள் இருபுறமும் கூடவே ஓடினோம். நான்கு நடை. ஏழு கொத்தில் ஆறு தப்பித்தன. கடைசி நடையில் ஒன்று சரிந்து உடைந்தது. கீழே இறங்கிய வினோத் அதைத்தான் முதலில் போய்ப் பார்த்தார். "ஒண்ணு பூட்ச்சே" என்றார். அமுலு அக்கா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "பத்து கீது நைனா, போ" என்று சொல்லிவிட்டு, தன் கூடையில் இருந்த நான்கு கொத்தையும் அதே கரை மண்ணில் புதைத்தார்.

இரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே நிலம் மட்டமாகிவிட்டது. நாங்களும் கிளம்பத் தயாரானோம். என் முகத்தைப் பார்த்த அமுலு அக்கா வழி சொன்னார்: "பொரிக்கிற பதத்துல வேணும்னா கடலோரம் போங்க. அங்க மய இருவது நாளு முன்னாலயே புட்ச்சிகிச்சி. நெம்மேலிக்கு கொஞ்சம் இந்தாண்ட, கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்குறாங்களே, அதுக்கு மின்னாடியே சவுக்குத் தோப்பு. உள்ள நல்ல தண்ணிக் குட்ட ஒண்ணு கீது. எங்க சின்னம்மா ஊரு. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

திருக்கழுக்குன்றத்தில் 1.15க்குச் சாப்பாடு, ஆளுக்கு நூற்றிருபது. சங்கு தீர்த்தக் குளத்தை ஒட்டிப் போகும்போது ரெஜினா வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இந்த நன்னீர்க் குளத்தில் சங்கு பிறக்கும் என்பது நம்பிக்கை. சங்கும் நத்தை இனம்தானே என்று நான் ஆரம்பித்தேன். "கோயில் குளத்துல கைய வெச்சே, நான் உன்ன இங்கயே வுட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள். வைக்கவில்லை. வைக்கவும் கூடாது.

அங்கிருந்து மாமல்லபுரம் பதினாறு கிலோமீட்டர், பிறகு கடலோரச் சாலையில் வடக்கே பன்னிரண்டு. வழியில் ஒரு தூறல். மைக்ரோஸ்கோப்புக்கு மழைக்கோட்டைப் போர்த்திவிட்டு நாங்கள் நனைந்தோம். 3.25க்கு அமுலு அக்காவின் பெயரைச் சொல்லிவிட்டுச் சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தோம். மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்கிறது. இந்தப் பக்கம் அல்லி பூத்த குட்டை. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், துளி உப்பில்லை. உடனே துப்பிவிட்டேன். நீங்கள் இதைச் செய்யாதீர்கள்.

ஒரு பனை வேருக்கடியில் ஒரு கொத்து கிடைத்தது. இந்த முட்டைகள் வெள்ளையாக இல்லை, மங்கி இருந்தன. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே கருப்பாக ஒரு சுருள் தெரிந்தது. குஞ்சு! மூன்று முட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை மண்ணால் மூடினோம்.

இங்கேதான் ரெஜினா யாரென்று எனக்குத் திரும்பத் தெரிந்தது. "நிறுத்து. மொதல்ல முட்டையக் கழுவு. மூணு தடவ. கழுவுன தண்ணியில என்ன இருக்குன்னு பாரு. அப்புறம் குட்டைத் தண்ணியப் பாரு. வெளியில இருக்கிற பாசி உள்ள ஒட்டியிருந்தா, அப்புறம் நீ வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பே." பார்த்தோம். குட்டைத் தண்ணீரில் பாசி இருந்தது, நூல்நூலாகவும் பிறைபிறையாகவும். மூன்றாம் முறை கழுவிய தண்ணீரில் ஒன்றுமில்லை. அவள் ஒவ்வொன்றையும் நோட்டில் வரைந்தாள்.

முதல் முட்டை. முட்டை ஓடு உடைந்ததும் குஞ்சு வெளியே வந்தது, கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் சின்னது. நுனிச் சுருளைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஏதோ நிழல், இருவருக்கும் நிச்சயமில்லை. மூன்றாவதைத் தகட்டில் வைத்தபோது நேரம் 4.10. என் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்கிறேன். "நீ பாரு" என்று நகர்ந்தேன்.

ரெஜினா பார்த்தாள். குவியத்தை முன்னே பின்னே திருப்பினாள். சவுக்கு இலைகள் மேல் காற்று ஓடும் சத்தம் மட்டும். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, எனக்கு ஒரு மணி நேரம்போல இருந்தது.

"சுதா."

"என்ன?"

"தகட்டத் தொடாதே. நான் எழுந்துக்கறேன். நீ உட்காரு. தொடாமப் பாரு."

உட்கார்ந்தேன். வெளிறிய திசுவுக்கு நடுவே ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு. பழுப்புப் பச்சையாய் உருண்டை மணிகள். காலையில் பார்த்தவற்றைவிடச் சின்னவை, மங்கலானவை. ஆனால் அதே உருவம். உலகத்தில் ஒரு வாய்கூடச் சாப்பிடாத ஒரு குஞ்சின் வயிற்றுக்குள்.

"இன்னும் ஒரு வாய் பாசி தின்னலடி அது!" என்று ரெஜினாதான் கத்தினாள். அவள்தான் என்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. குட்டையில் இருந்த கொக்கு இரண்டும் எங்களைக் கண்டு எழும்பிப் போயின. ஒரு தாய் நத்தை, தன் பிள்ளைக்கு ஓடு கொடுக்கும்போதே வயிற்றுக்குள் குடித்தனக்காரர்களையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறது. நினைத்துப் பாருங்கள்! சாவியோடு வீடு கிடைப்பதுபோல அல்ல, சமைத்துப் போட ஆளோடு வீடு கிடைப்பதுபோல.

5.15க்கு மணலில் உட்கார்ந்தோம். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவியாகிவிட்டது. ரோட்டோரக் கடையில் வாங்கிய வறுத்த மீன், மூன்று துண்டு நூற்றைம்பது. நான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே நான் சொன்னேனே, அன்றைக்கே சொன்னேனே என்று மூன்று தடவை சொல்லியிருப்பேன். ரெஜினா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"நீ எத்தன நாள் கழிச்சுக் கையெழுத்துப் போட்டே, ஞாபகம் இருக்கா?"

"ஒரு வாரம் இருக்குமா?"

"பதினெட்டு நாள். புராஜெக்ட் லேட்டாச்சு, நம்ம ரெண்டு பேர் ரிசல்ட்டயும் நிறுத்தி வெச்சாங்க. உனக்கு வீட்ல இருந்தா போதும். எனக்கு ஜூன்ல ஒரு ஸ்கூல்ல வேல சொல்லியிருந்தாங்க. மார்க் ஷீட் இல்லாததால அந்த வேல போயிடுச்சு. அப்பாவுக்கு அப்போ ஒடம்பு சரியில்ல. ரெண்டு வருஷம் கம்பெனி பஸ்ல ஏறி பேக்கிங்குக்குப் போனேன். காலையில நீ எறங்கினியே, அதே ஸ்டேஷன் வாசல்லதான் நிப்பேன்."

எனக்கு இது எதுவும் தெரியாது. பதினான்கு வருஷமாக, என் கண்டுபிடிப்பை அவள் அடித்ததற்காகத்தான் நாங்கள் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் கோபம், அவளுக்குக் குற்ற உணர்ச்சி என்று நினைத்திருந்தேன்.

"நான் சொன்னது சரியா இருந்திருக்கலாம் ரெஜி. செஞ்சது தப்பு" என்றேன். "மன்னிச்சிடு."

"சரி. கடைசி துண்டு எனக்கு" என்று மீனை எடுத்துக்கொண்டாள். அப்புறம், "ஆனா குஞ்சுக்குள்ள அந்த ஏழு பச்சை மணியப் பாத்தப்போ, எனக்கு அதெல்லாம் ஞாபகமே வரலடி. நெஜமா" என்றாள்.

6.10க்குத் திருப்போரூரில் என்னை இறக்கிவிட்டாள். நெம்மேலியிலிருந்து உள்ளே ஆறேழு கிலோமீட்டர்தான். அங்கிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரத்துக்கு பஸ். வீடு சேரும்போது எட்டாகிவிட்டது. ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் இருநூறு, அமுலு அக்காவுக்கு நூறு, இரண்டு பேருக்கும் சேர்த்து நாள் முழுக்கச் செலவு தொள்ளாயிரத்துக்குள்.

இதே சுற்றுப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்து மூன்றாவது வாரம் கடலோரத்துக்குச் சரியான நேரம், உள்ளே திருக்கழுக்குன்றம் பக்கம் அதற்கும் ஒரு வாரம் தள்ளிப் போங்கள். நத்தையைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அதில் மனிதர்களுக்கு ஆகாத ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கலாம். நன்றாக வேகாத நத்தைக் கறி வேண்டவே வேண்டாம், யார் மருந்து என்று சொன்னாலும் சரி. உயிரோடு பிடித்து உடைக்க அவசியமில்லை. கறிக்காக விற்பவர்களிடம் கழிவுப் பகுதியைக் கேட்டாலே கிடைக்கும், அவர்களுக்கு உரிய காசைக் கொடுத்துவிடுங்கள். முட்டை எடுத்தால் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், எடுத்த இடத்தை மண்ணால் மூடுங்கள். கோயில் குளங்களையும் பறவைகள் சரணாலய ஏரிகளையும் விட்டுவிடுங்கள். தனியார் தோப்புக்குள் கேட்டுவிட்டுப் போங்கள். நானூறு மடங்கு பெரிதாக்கும் மைக்ரோஸ்கோப் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்தது ஆராய்ச்சி அல்ல. மூன்று குஞ்சில் ஒன்றில் தெளிவாகப் பார்த்தோம், அவ்வளவுதான். அந்த மணிகள் எந்த வகை நுண்ணுயிர், நம் நத்தையில் அவை என்ன செய்கின்றன என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. முறையாகச் செய்ய வேண்டியவர்கள் செய்யட்டும். நாங்கள் கண்ணால் கண்டோம். அந்தச் சந்தோஷத்துக்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை.

பன்னிரண்டாம் நாள் அமுலு அக்கா போன் செய்தார். வாய்க்கால் கரையில் இறக்கி வைத்த வரப்பில் முட்டைகள் பொரித்துவிட்டனவாம். "எண்ணவே முடியலம்மா, தண்ணிக்குள்ள ஊந்துகினு போவுதுங்க! அந்த வண்டிக்காரத் தம்பி வேற பாத்துட்டுப் போவுது" என்றார். உடனே ரெஜினாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லது. ஆனா மூணுல ஒண்ணுதான் பாத்தோம். இருபது குஞ்சாவது பாக்காம நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள். ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். இப்போதெல்லாம் தினமும் போடுகிறோம், சாயந்திரம் ஆறு மணிக்கு, அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும்.